குருதியற்ற மணித்தியாலங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதி வழியாக ஏறத்தாழ 320 கிலோமீற்றர். கொழும்புக்கு ஏறத்தாழ 400. கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று நீளும் இந்தப் பாதை, சிறுநீரகம் செயலிழந்த வடபகுதி நோயாளர் பலருக்கு நன்கு பழகிய பாதை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு நான்கு மணித்தியாலம் இணைந்திருந்து நாளைக் கடத்தியவர்கள், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நீண்டகாலமாகத் தெற்கு நோக்கிப் போய்வந்தார்கள். 2006 ஆகஸ்டில் அந்த வீதி மூடப்பட்டபோது, மேல்சிகிச்சைக்குப் போகவேண்டியவர்கள் வானூர்தியையும் கப்பலையும் நம்பியிருக்க நேர்ந்தது.

நோயாளிக்குத் தூரம் என்றால் அலைச்சலும் செலவும். ஓர் உடலிலிருந்து எடுக்கப்பட்டு இன்னோர் உடலுக்குப் போகும் சிறுநீரகத்துக்கோ தூரம் என்றால் காயம். குருதி ஓடாத ஒவ்வொரு மணித்தியாலமும் அதன் கலங்களில் பதிகிறது. அந்தக் காயம் எப்படி உண்டாகிறது, அதைக் குறைக்க வைத்தியம் எதையெல்லாம் கற்றுக்கொண்டது என்பதையே இந்த அத்தியாயம் சொல்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மாற்றுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வழிகளில் பெரும்பாலானவை விலையுயர்ந்தவை அல்ல. அவை ஒழுங்கையும் ஆயத்தத்தையும் கேட்கின்றன. வசதி குறைந்த இடங்களுக்கு இது நல்ல செய்தி.

நிறைந்த குருதி, குறைந்த ஒட்சிசன்

ஒரு சிறுநீரகத்தின் நிறை ஏறத்தாழ 150 கிராம். இரண்டையும் சேர்த்தாலும் உடல் நிறையில் அரை வீதம் வராது. ஆயினும் இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கும் கூடுதலாக, இவற்றின் வழியே பாய்கிறது. இவ்வளவு குருதியைப் பெறும் உறுப்பு ஒட்சிசனுக்கு ஏங்கும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதி எப்போதும் அந்த ஏக்கத்தின் விளிம்பில்தான் இருக்கிறது.

காரணம் அதன் அமைப்பில் உள்ளது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு கலன்கோளம். அங்கே குருதி வடிகட்டப்படுகிறது. இப்படி ஒரு நாளில் வடியும் திரவம் ஏறத்தாழ 180 லீற்றர். சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை, இரண்டு லீற்றர் மட்டும். மீதி முழுவதையும் உப்போடும் வெல்லத்தோடும் சேர்த்து மறுபடி உறிஞ்சி எடுப்பவை சிறுநீரகத்தியின் நுண்குழாய்க் கலங்கள். சிறுநீரகம் செலவிடும் ஒட்சிசனில் பெரும்பங்கு இந்த மீளுறிஞ்சலுக்கே போகிறது.

உள்ளே வரும் குருதியில் மிகப்பெரும் பகுதி மேற்பட்டைக்குச் செல்கிறது. உள்ளே இருக்கும் மையவிழையத்துக்குக் கிடைப்பது சிறு பங்குதான். சிறுநீரைச் செறிவாக்க வேண்டுமானால் அங்கே உப்பு தேங்கி நிற்கவேண்டும். குருதி வேகமாக ஓடினால் அந்த உப்பு அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஆகவே மையவிழையம் குறைந்த குருதியோடு வாழப் பழகியிருக்கிறது. மேற்பட்டையில் ஒட்சிசனின் அமுக்கம் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் இரசம் என்றால், மையவிழையத்தில் அது 10 முதல் 20 வரைதான். இரண்டும் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான் அண்மை நுண்குழாயின் நேரான பகுதி அமைந்திருக்கிறது. வேலை மிகுந்த அந்தக் கலங்களுக்கு ஒட்சிசன் இல்லாமல் சக்தி உண்டாக்கும் திறன் மிகக் குறைவு. குருதி நின்றால் முதலில் அடிபடுபவை அவையே.

குருதி நிற்கும்போது

சத்திரசிகிச்சை நிபுணர் சிறுநீரக நாடியில் கவ்வியைப் பூட்டிய சில நிமிடங்களில் கலங்களின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. தீரத் தொடங்குகிறது. கலத்தின் மென்சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பிகள் ஏ.ரி.பி.யில் இயங்குபவை. அவை நின்றதும் சோடியம் உள்ளே தேங்குகிறது, அதன் பின்னால் நீர் புகுகிறது, கலம் வீங்குகிறது. கல்சியம் மட்டுமீறி உயர்ந்து, கலத்தின் சொந்தப் புரதங்களையே சிதைக்கும் நொதியங்களைத் தூண்டுகிறது. இலற்றிக்கமிலம் சேர்ந்து கலத்தின் உள்ளிடம் அமிலத்தன்மை அடைகிறது. நுண்குழாயின் உட்சுவரில் தூரிகை மயிர்போல் அடர்ந்திருக்கும் நுண்சடைகள் உதிர்கின்றன. சில கலங்கள் சுவரைவிட்டுக் கழன்று குழாய்க்குள் விழுந்து, அதையே அடைக்கின்றன.

இவை எல்லாம் உடல் வெப்பநிலையில் வேகமாக நடப்பவை. வெப்பநிலை 10 பாகை இறங்கும்போதெல்லாம் கலத்தின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்கு குறைகிறது. 4 பாகை செல்சியஸில் கலம் வழமையான வேகத்தின் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. சேதம் நின்றுவிடுவதில்லை, மெதுவாகிறது. மாற்றுச் சிகிச்சை முழுவதும் இந்த ஒரு பௌதிக உண்மையின்மீது நிற்கிறது.

குருதி திரும்பும்போது

குருதி நின்றிருந்தது தீங்கு என்றால், அது திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடவேண்டும் அல்லவா? அப்படி நடப்பதில்லை. சேதத்தின் பெரும்பகுதி குருதி திரும்பிப் பாயும் முதல் நிமிடங்களில்தான் நிகழ்கிறது.

ஆறு நாள் கந்தசஷ்டி விரதம் இருந்தவர் பாறணையன்று முதல் வேளையிலேயே வயிறு முட்ட உண்டால் என்ன ஆகும் என்று யாழ்ப்பாணத்து வீடுகளில் சொல்லத் தேவையில்லை. கலத்துக்கும் அதே நிலைதான். ஒட்சிசன் இல்லாத வேளையில், கலத்துக்குச் சக்தி உண்டாக்கும் இழைமணிகளுக்குள் சக்சினேற்று என்னும் பொருள் குவிகிறது. ஒட்சிசன் திடீரென்று வந்து சேர்ந்ததும் அந்தக் குவியல் முழுவதும் ஒரேயடியாக எரிகிறது. இழைமணியின் இலத்திரன் ஓட்டம் பின்னோக்கித் திரும்பி, ஒட்சிசனின் தாக்கம் மிகுந்த வடிவங்களைக் கட்டுக்கடங்காமல் கக்குகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு 2014இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கிய இந்தப் பொறிமுறை, குருதி திரும்பும்போது உண்டாகும் காயத்தைப் பற்றிய நமது விளக்கத்தையே மாற்றியது.

இழைமணிகள் சேதமடைகின்றன, கொழுப்பாலான மென்சவ்வுகள் கெடுகின்றன. குருதிக்குழாய்களின் உட்சுவர் வீங்கி ஒட்டும் தன்மை பெறுகிறது. வெண்குருதிக் கலங்கள் அங்கே ஒட்டி நெரிசலை உண்டாக்குவதால், நாடி திறந்திருந்தும் சில பகுதிகளுக்குக் குருதி போய்ச்சேராமல் போகலாம்.

இன்னொரு விளைவும் உண்டு. காயப்பட்ட கலங்கள் வெளியிடும் மூலக்கூறுகளை உடலின் எதிர்ப்புத்தொகுதி ஆபத்தின் அறிகுறியாக வாசிக்கிறது. ஏற்கெனவே அந்நியமான உறுப்பு, காயத்தோடும் வந்துசேரும்போது, அதை நிராகரிக்கும் போக்கு வலுக்கிறது. அறுவை மேசையில் நடக்கும் சில மணித்தியாலங்களின் சேதம் மாதங்கள், வருடங்கள் கழித்தும் பேசுவது இதனால்தான்.

சேதம் மிகுந்தால் புதிய சிறுநீரகம் உடனே வேலை தொடங்குவதில்லை. முதல் வாரத்திலேயே நோயாளிக்கு மறுபடியும் குருதிச் சுத்திகரிப்பு தேவைப்பட்டால், அதைத் தாமதித்த தொழிற்பாடு என்கிறார்கள். உயிருள்ள ஒருவர் கொடுத்த சிறுநீரகத்தில் இது அரிது. இறந்தவரிடமிருந்து பெறப்பட்டதில் நான்கில் ஒன்றிலோ அதற்கும் கூடுதலாகவோ காணப்படலாம். பல சிறுநீரகங்கள் பின்னர் மீண்டுவிடும். ஆனால் வைத்தியசாலையில் கழியும் நாட்கள் கூடும். நிராகரிப்பின் வாய்ப்பும் கூடும்.

ஆறு மணித்தியாலமும் எண்பத்திரண்டு நிமிடமும்

1933 ஏப்ரலில் உக்ரேனின் கெர்சன் நகரில் யூரி வொரோனொய் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், மனிதரிடமிருந்து மனிதருக்கு முதன்முதலாகச் சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தினார். கொடுத்தவர் தலைக்காயத்தால் இறந்தவர். அவர் இறந்து ஆறு மணித்தியாலம் கழித்தே சிறுநீரகம் எடுக்கப்பட்டது. குருதி வகையும் பொருந்தவில்லை. பெற்றவர் இரண்டு நாளில் இறந்துபோனார். குருதி வகை பொருந்தியிருந்தாலும், உடல் வெப்பத்தோடு ஆறு மணித்தியாலம் கிடந்த சிறுநீரகம் பிழைப்பது அரிது என்று இன்று நமக்குத் தெரியும்.

1954 டிசம்பர் 23 அன்று பொஸ்ரன் நகரில் ஜோசப் மறே குழுவினர் ஒத்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார்கள். அது குருதியில்லாமல் இருந்த நேரம் 82 நிமிடம். குளிரூட்டல் எதுவும் இல்லை. இருந்தும் அது அறுவை மேசையிலேயே சிறுநீரைச் சுரந்தது; பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இரட்டையர் என்பதால் நிராகரிப்பு இல்லை; சகோதரர்கள் அருகருகே இருந்ததால் தூரமும் இல்லை. மறேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

இறந்தவர்களின் சிறுநீரகத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல வேண்டுமானால் நிமிடங்களை மணித்தியாலங்களாக நீட்டவேண்டும். வெறும் குளிர் போதாது. குளிரில் சோடியம் பம்பிகளும் தூங்கிவிடுவதால் கலங்கள் வீங்கத் தொடங்கும். 1969இல் ஜெப்ரி கொலின்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் இதற்கொரு வழி கண்டார். கலத்தின் உள்ளே இருப்பதுபோலப் பொற்றாசியம் கூடியும் சோடியம் குறைந்தும் உள்ள ஒரு கரைசலைக் குளிரவைத்து, சிறுநீரகத்தின் குருதிக்குழாய்களுக்குள் பாய்ச்சினார். உள்ளும் புறமும் ஒத்திருந்தால் அயன்கள் இடம்மாறும் அவசரம் குறையும். நாய்களின் சிறுநீரகங்களை 30 மணித்தியாலம் இப்படிக் காக்க முடிந்தது. 1980களில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் போல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுதார்டும் மென்சவ்வைக் கடக்க இயலாத பெரிய மூலக்கூறுகளைச் சேர்த்து வீக்கத்தை மேலும் தடுத்தார்கள். அவர்களது கரைசல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

நமது பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. இலங்கையில் 1985இல் பேராசிரியர் றெஸ்வி ஷெரிப் போன்றோரின் முயற்சியால் அது தொடங்கியது. இரண்டு இடங்களிலும் உறவினரே சிறுநீரகம் கொடுத்தார்கள். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வைத்தியசாலையில் இருப்பதால், குளிரில் கழியும் நேரம் மிகக் குறைவு. உயிருள்ளவர் கொடுக்கும் சிறுநீரகம் சிறப்பாக இயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கை மாறும் வழியில்

காயம் ஒரே இடத்தில் உண்டாவதில்லை. கொடுப்பவரின் படுக்கையில் தொடங்கி, பெறுபவரின் படுக்கைவரை அது சிறிது சிறிதாகச் சேர்கிறது. ஆகவே தடுப்பதும் படிப்படியாகவே நடக்கவேண்டும்.

முதற்படி தீவிர சிகிச்சைப் பிரிவில். மூளையின் செயல் மீளாதபடி நின்றுபோகும் மூளைச்சாவு நேரும்போது உடலில் அதிரினலின் வகைச் சுரப்புகள் பெருகி, குருதியமுக்கம் முதலில் தாறுமாறாக ஏறி, பின்னர் சரிகிறது. நீரைத் தக்கவைக்கும் ஓமோன் மூளையின் அடியிலிருந்து சுரப்பது நின்றுவிடுவதால், சிறுநீர் லீற்றர் கணக்கில் வெளியேறி உடல் வற்றுகிறது. இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் சிறுநீரகம் அப்போதே வாடத் தொடங்கிவிடுகிறது. நீரிழப்பை ஈடுசெய்தல், அமுக்கத்தை நிலைநிறுத்தல், இல்லாமற்போன ஓமோனைக் கொடுத்தல்: நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவு எதுவும் செய்யக்கூடிய வேலைகள் இவை. இன்னும் எளிதான ஒன்றை அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உடல் வெப்பநிலையை 34, 35 பாகையில் வைத்திருந்தபோது, பெற்றவர்களில் தாமதித்த தொழிற்பாடு 39 வீதத்திலிருந்து 28 வீதமாகக் குறைந்தது. எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த கரைசலைப் பாய்ச்சும் இயந்திரத்தில் வைப்பது இதைவிடச் சிறந்தது என்று 2023இல் வெளியான ஒப்பீடு சொல்கிறது. ஆனால் இயந்திரம் இல்லாத இடத்தில் இந்த எளிய வழியை நினைவில் வைத்திருப்பது பயன் தரும்.

இரண்டாவது படி எடுத்தல். உயிருள்ள கொடையாளிக்கு 1995இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் வயிற்றறைக் குழாய்க்கமரா வழியாகச் சிறுநீரகம் எடுக்கும் முறை அறிமுகமானது. சிறிய துளைகள், விரைவான தேறுதல். ஆனால் வயிற்றை விரிக்க ஊதும் வாயு சிறுநீரக நாளத்தை அழுத்தும். ஆகவே வாயுவின் அமுக்கத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாமலும், கொடுப்பவரின் உடலில் நீர்மம் நிறைந்திருக்கவும் பார்த்துக்கொள்கிறார்கள். நாடியைக் கவ்விய பிறகு சிறுநீரகத்தை வெளியே எடுத்துக் குளிர்ந்த கரைசலைப் பாய்ச்சும்வரை கழிவது சில நிமிடங்களே. அந்த நிமிடங்கள் உடல் வெப்பத்தில் கழிபவை, ஒவ்வொன்றும் விலைமதிப்புள்ளது.

எடுக்கும் கையின் மென்மையும் ஒரு காப்புத்தான். சிறுநீர்க்கானின் மேற்பகுதிக்குக் குருதி சிறுநீரக நாடியின் சிறு கிளைகளிலிருந்து வருகிறது. அவை ஓடும் கொழுப்பு இழையத்தை ‘சுத்தமாக’ உரித்துவிட்டால், சிறுநீர்க்கான் பின்னர் அழுகிச் சிறுநீர் கசியும். தேர்ந்த நிபுணர் அந்த முக்கோணக் கொழுப்பைத் தொடாமல் விடுவார். இறந்தவரிடமிருந்து எடுக்கும்போது நாடியைப் பெருநாடியின் ஒரு சிறு துண்டோடு சேர்த்து வெட்டுவது வழக்கம்; தையல் அகலமாகவும் பத்திரமாகவும் அமையும். குருதிக்குழாய்களைத் தைக்கும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்து 1912இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கரலின் பெயர் அந்தத் துண்டுக்கு இன்றும் வழங்குகிறது.

மூன்றாவது படி பயணம். கரைசலில் மிதக்கும் சிறுநீரகத்தை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கிருமிநீக்கிய பைகளில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கிறார்கள். பனிக்கட்டி நேரே தொட்டால் இழையம் உறைந்து கெட்டுவிடும். ஆகவே பைகளும் கரைசலும் நடுவில் இருக்கின்றன. 24 மணித்தியாலம்வரை இப்படி வைத்திருப்பது பரவலான வழக்கம். ஆனால் ‘முடியும்’ என்பதற்கும் ‘நல்லது’ என்பதற்கும் இடையில் வேறுபாடு உண்டு. பிரான்சில் 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, குளிரில் கழியும் ஒவ்வொரு மேலதிக மணித்தியாலமும் சிறுநீரகத்தை இழக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 1.3 வீதம் கூட்டுகிறது. அந்தக் கணக்கை ஏ9 வீதியில் வைத்துப் பாருங்கள். ஏழு மணித்தியாலப் பயணம் அந்த வாய்ப்பைச் சார்பளவில் ஏறத்தாழ 9 வீதம் உயர்த்தும். சிறிய எண்தான், ஆனால் இது தவிர்க்கக்கூடிய இழப்பு.

நான்காவது படி தையல். பெறுபவரின் பழைய சிறுநீரகங்களைப் பொதுவாக எடுப்பதில்லை. புதியது அடிவயிற்றின் பக்கவாட்டுக் குழியில் வைக்கப்பட்டு, அங்குள்ள பெரிய நாளத்தோடும் நாடியோடும் இணைக்கப்படுகிறது. பனிக்கட்டியிலிருந்து வெளியே வந்த சிறுநீரகம் உடலின் வெப்பத்திலும் அறுவை விளக்கின் கீழும் மெல்லச் சூடேறுகிறது. குருதியோ இன்னும் இல்லை. இந்த அரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட நேரத்தில்தான் கலங்கள் விழித்துப் பசியோடு காத்திருக்கின்றன. சிறுநீரகத்தைச் சுற்றிப் பனிக்கூழ் வைத்த துணியைச் சுற்றுவது பழைய முறை. இன்றும் நல்ல முறை. இந்தியாவின் குர்கானில் மேதாந்தா வைத்தியசாலையில் அமெரிக்க நிபுணர்களோடு இணைந்து, ரோபோ வழியான மாற்றுச் சிகிச்சையில்கூட சிறுநீரகத்துக்குப் பனிக்கூழ் நிரப்பிய துணிச்சட்டை அணிவித்தார்கள். கருவி எவ்வளவு நவீனமானாலும் பனிக்கட்டியின் தேவை குறையவில்லை.

ஒரு சேலைன் போத்தலின் கதை

கடைசிப் படியில் மயக்கமருந்து வைத்திய நிபுணரின் பங்கு பெரிது. மாற்றிப் பொருத்தப்பட்ட சிறுநீரகத்துக்கு நரம்புத் தொடர்பு இல்லை. காயப்பட்ட நிலையில் தன் குருதியோட்டத்தைத் தானே சீராக்கும் திறனும் குறைவு. பெறுபவரின் குருதியமுக்கம் சரிந்தால், உள்ளே பாயும் குருதியும் சரிந்துவிடும். கவ்விகள் திறக்கும் தறுவாயில் போதிய நீர்மமும் போதிய அமுக்கமும் இருக்கவேண்டும்.

எந்த நீர்மத்தைக் கொடுப்பது? பல தசாப்தங்களாக வழக்கில் இருந்தது 0.9 வீத உப்புக் கரைசல், நாம் சேலைன் என்று அழைப்பது. அதில் பொற்றாசியம் இல்லை என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம். சிறுநீரகம் இயங்காதவருக்குப் பொற்றாசியம் கூடினால் இதயம் நின்றுவிடலாம். அந்த அச்சம் நியாயமாகவே தோன்றியது. ஆனால் சேலைனில் குளோரைட்டின் செறிவு லீற்றருக்கு 154 மில்லிமோல்; குருதியில் ஏறத்தாழ 100. மிகுதியான குளோரைட்டு குருதியை அமிலத்தன்மை ஆக்குகிறது; சிறுநீரகத்தின் குருதிக்குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. குருதி அமிலத்தன்மை அடைந்தால் கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியே வரும். பொற்றாசியத்தைத் தவிர்க்கவென்று தேர்ந்த சேலைனே அதை உயர்த்தும் நிலை இது.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 808 நோயாளரைக் கொண்ட ஆய்வு ஒன்று இதை நேராகச் சோதித்தது. இறந்தவரின் சிறுநீரகத்தைப் பெற்றவர்களில் ஒரு சாராருக்குச் சேலைனும், மற்றவர்களுக்குக் குருதியின் உப்புகளை ஒத்த சமநிலைக் கரைசலும் கொடுக்கப்பட்டன. 2023இல் ‘லான்செற்’ இதழில் வெளியான முடிவு: சேலைன் பெற்றவர்களில் 40 வீதத்தினருக்குத் தாமதித்த தொழிற்பாடு; சமநிலைக் கரைசல் பெற்றவர்களில் 30 வீதத்தினருக்கு மட்டும். மருந்துச் சாலையில் ஒரு போத்தலுக்குப் பதிலாக இன்னொரு போத்தலை எடுத்ததால் கிடைத்த பயன் இது.

இதோடு ஒப்பிட, இயந்திரங்களின் கதையையும் பார்க்கவேண்டும். ஐரோப்பாவில் 2009இல் வெளியான ஆய்வில் 336 கொடையாளிகளின் இரு சிறுநீரகங்களில் ஒன்று பனிக்கட்டிப் பெட்டியிலும் மற்றது குளிர்ந்த கரைசலைத் தொடர்ந்து பாய்ச்சும் இயந்திரத்திலும் வைக்கப்பட்டன. தாமதித்த தொழிற்பாடு பெட்டியில் 26.5 வீதம், இயந்திரத்தில் 20.8 வீதம். பயன் உண்மையானது. ஆனால் உடல் வெப்பநிலையில் செங்குருதிக் கலங்களைப் பாய்ச்சும் அடுத்த தலைமுறை இயந்திரத்தைப் பிரித்தானியாவில் சோதித்தபோது, ஒரு மணித்தியாலம் அதில் வைத்த சிறுநீரகங்கள் பெட்டியில் வைத்தவற்றைவிட முன்னதாக இயங்கவில்லை. அந்த முடிவும் 2023இல்தான் வெளியானது. சேதமடைந்த சிறுநீரகத்தை மதிப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்த இயந்திரம் எதிர்காலத்தில் பெரிதும் உதவக்கூடும். ஆனால் விலைதான் பயனின் அளவுகோல் என்று கொள்ளக்கூடாது என்பதை இந்த ஒப்பீடு கற்றுத்தருகிறது.

தீபகற்பத்துக்கு இதில் என்ன பங்கு

1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியே இலங்கை உலகின் பல நாடுகளுக்குக் கண்களை வழங்கியிருக்கிறது. இறந்தபின் கண்ணைக் கொடுப்பது இந்நாட்டில் புதிதல்ல. ஆனால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே உயிரியலில் பெரிய வேறுபாடு உண்டு. விழிவெண்படலத்தில் குருதிக்குழாய்களே இல்லை. இதயம் நின்று சில மணித்தியாலங்கள் கழித்தும் அதை எடுக்கலாம். சிறுநீரகம் அப்படிப் பொறுத்திருக்காது. வொரோனொயின் ஆறு மணித்தியாலம் அதைக் காட்டியது. மூளைச்சாவு உறுதியான பிறகு, இதயம் இன்னும் துடிக்கும்போதே குடும்பம் முடிவெடுக்கவேண்டியிருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடல் சூடாக இருக்கிறது. அப்போது சம்மதிப்பது எவருக்கும் எளிதல்ல. அந்த வேளையில் மூளைச்சாவை முதன்முதலாகக் கேள்விப்படும் குடும்பத்துக்கு அது தாங்கமுடியாத சுமை. வீட்டில் முன்பே பேசிவைத்த குடும்பத்துக்கு அது கடைசி விருப்பத்தை நிறைவேற்றும் செயல்.

மனித இழையங்களைப் பெறுவதையும் பொருத்துவதையும் ஒழுங்குபடுத்தும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. மாளிகாவத்தையில் சிறுநீரகத்துக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. பாக்கு நீரிணையின் மறுகரையில் தமிழ்நாடு 2008இல் இறந்தவர் உறுப்புக்கொடைக்கென்று அரச ஒழுங்கமைப்பை உருவாக்கி, இந்தியாவின் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. அது சிறப்பாக இயங்கியதற்கு முதற்காரணம் விலையுயர்ந்த கருவிகள் அல்ல. யார் அறிவிப்பது, யார் குடும்பத்தோடு பேசுவது, எந்த வரிசைப்படி வழங்குவது என்ற தெளிவான ஒழுங்கும், வைத்தியசாலைகளில் அதற்கென்றே பயிற்றப்பட்ட இணைப்பாளர்களுமே.

யாழ்ப்பாணத்தில் வைத்தியக் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. 1848இல் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் மாணவருக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறும் சத்திரசிகிச்சையும் தமிழில் நூல்களாக அச்சேறின. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வேர் 1850வரை செல்கிறது. பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. அந்த மரபின் இன்றைய பணிகளில் ஒன்று, மாற்றுச் சிகிச்சையின் இந்தப் படிகள் ஒவ்வொன்றையும் தீபகற்பத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது.

நெருக்கம் இங்கே உயிரியல் பொருள் கொண்டது. வடக்கில் ஒரு கொடையாளி இருந்து, பெறுபவரும் வடக்கிலேயே இருந்து, இடையில் பரிசோதனையும் சத்திரசிகிச்சையும் தெற்கில்தான் நடக்குமென்றால், சிறுநீரகம் வீணாகக் குளிரில் கிடக்கிறது. இழையப் பொருத்தத்தைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் அருகில் இருந்தால் மணித்தியாலங்கள் மிஞ்சும். பெறுபவரை முன்கூட்டியே தயார்ப்படுத்தி வைத்திருந்தால் இன்னும் சில. மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு மருந்தளவைக் கண்காணிக்கும் கிளினிக் ஊரில் இருந்தால், நிராகரிப்பின் முதல் அறிகுறி வவுனியாவைத் தாண்டும் முன்பே பிடிபடும்.

மூளைச்சாவு அடைந்தவரின் குருதியமுக்கத்தைக் காத்தல், அளவோடு குளிர்வித்தல், சிறுநீர்க்கானின் கொழுப்பைத் தொடாமல் விடுதல், தையலின்போது பனிக்கூழ், சரியான நீர்மம்: இந்தப் பட்டியலில் ஒரு பெரிய இயந்திரமும் இல்லை. இவற்றுக்குத் தேவை பயின்ற தாதியர், ஒத்திகை பார்த்த குழு, எழுதிவைத்த நடைமுறை. அவை அனைத்தையும் யாழ்ப்பாணத்தில் உருவாக்க முடியும். மீதி வீட்டில் செய்யவேண்டிய வேலை. நம் உறுப்புகளைப் பற்றிய விருப்பத்தை மனைவியிடமோ கணவனிடமோ பிள்ளைகளிடமோ இன்றே சொல்லிவைத்தால், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவர்கள் தடுமாறும் நேரம் குறையும். அந்த நேரமும் சிறுநீரகத்தின் நேரமே.